கணுக்கால் சுளுக்கும் வீட்டுப் பராமரிப்பும்

வயல் வரப்பில் நடக்கும்போதோ, மேடுபள்ளமான திடலில் ஓடும்போதோ பாதம் உட்புறமாக மடங்கிவிடுவதுண்டு. அப்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டு நைந்துபோகின்றன. சில சமயம் அறுந்தும் விடுகின்றன. இதுவே சுளுக்கு. நரம்பு பிசகிவிட்டது என்று மக்கள் கூறுவது பெரும்பாலும் இதனையே. உண்மையில் பிசகிய நரம்பு எதுவும் இல்லை. ஆகவே இழுத்துச் சேர்க்க வேண்டியதும் ஒன்றுமில்லை. முதல் சில நாட்களில் அழுத்தி நீவினால் உட்கசிவு மிகுந்து வீக்கம் பெருகக்கூடும்.

எலும்பு முறிந்துள்ளதா என்பதே முதலில் எழும் கேள்வி. வீக்கத்தின் அளவைக் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில் இதற்கென எளிய விதியொன்றை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரையிலோ விரலால் அழுத்தினால் வலித்தாலும், நொண்டியேனும் நான்கு அடிகள் எடுத்துவைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் புடைத்துள்ள எலும்பையும், உள்வளைவின் மேற்பகுதியில் உள்ள எலும்பையும் இவ்வாறே அழுத்திப் பார்க்க வேண்டும். வளரும் பருவத்தினருக்கு எலும்பின் நுனியில் வலி இருப்பின் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நீரிழிவினால் பாதம் மரத்தவர்களுக்கு வலி தெரியாதாகையால், அவர்களிடத்தில் இவ்விதியை நம்புதல் கூடாது.

இக்குறிகள் இல்லையெனில் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் காலுக்கு அதிக வேலை தராமல், படுத்திருக்கும்போது தலையணைகளின் மீது உயர்த்தி வைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வலி தணியும். வெறும் பனிக்கட்டி தோலைப் புண்ணாக்கும். நெகிழ்துணிக் கட்டினை விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுதல் வேண்டும். விரல்கள் நீலமாகவோ, குளிர்ந்தோ, மரத்தோ போனால் உடனே தளர்த்திவிட வேண்டும்.

இதன் பின்னர் செய்யப்படும் தவறே நெடுநாள் துன்பத்திற்குக் காரணமாகிறது. வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு விறைக்கும்; தசை மெலியும். வலி பொறுக்கும் அளவுக்கு ஓரிரு நாட்களிலேயே அசைவைத் தொடங்குவது நன்று. காலைத் தொங்கவிட்டு, பெருவிரலால் அகரம் முதலிய உயிரெழுத்துக்களைக் காற்றில் எழுதுவது சிறந்த பயிற்சி. நிற்க முடிந்தபின், சுவரருகே நின்று ஒற்றைக்காலில் நிலைத்து நிற்கப் பழக வேண்டும். கால் வளைவதை முன்னுணர்ந்து தசைகள் இறுகும் திறன் சுளுக்கினால் குறைந்துவிடுகிறது. அதனை மீட்காதவரின் கால் மறுபடியும் மடங்கும் வாய்ப்பு மிகுதி.

ஆகவே, வீக்கம் வடிந்ததனாலேயே மாணவரைத் திடலுக்கு அனுப்பிவிடலாகாது. அடிபட்ட காலால் வலியின்றி நடக்கவும், தள்ளாடாமல் நிற்கவும், நொண்டியாட்டத்தில்போல் குதிக்கவும் இயன்ற பின்னரே விளையாட அனுமதிக்கலாம். ஐந்தாறு நாட்களாகியும் காலை ஊன்ற இயலாவிட்டால் மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.