பாட்டியின் 14 விநாடி மௌனம்

“பள்ளிக்கூடத்த ஏன் நிறுத்துனீங்க, பாட்டி?”

“ஞாபகம் இல்லம்மா.”

குளுவாங்–மெர்சிங் சாலையிலுள்ள காஹாங்கில், பாட்டி வீட்டு வாசலில் பதிவு செய்த உரையாடல் இது. பல்கலைக்கழகக் களப்பணிக்காக, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஐந்து பெண்களைப் பேட்டி கண்டேன். அவர்களில் என் பாட்டியும் ஒருவர். கைப்பேசியில் ஒலியும் காணொலியுமாக ஏறக்குறைய ஆறு மணி நேரம் பதிவானது.

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு நாள் பிடித்தது. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் போன்ற தோட்டத்துச் சொற்களை அப்படியே எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் பண்புசார் தரவுப் பகுப்பாய்வு மென்பொருளில் ஏற்றினேன்.

பெயர்தான் பெரிது, வேலை எளிது. ஒருவர் பேசியதில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘வறுமை’, ‘பள்ளி’ என்று அதற்கொரு பெயர் கொடுக்கிறோம். இதுதான் குறியிடுதல். பின்னர் ‘பள்ளி’ என்பதைச் சொடுக்கினால், பள்ளியைப் பற்றி ஐவரும் பேசியது ஒரே இடத்தில் வந்து நிற்கும். முன்பு ஆய்வாளர்கள் இதற்காகத் தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் அடுக்கினார்கள். சமூகவியலாளர் லின் ரிச்சர்ட்ஸின் ஆய்வுக்கு உதவ, அவருடைய கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் 1981-இல் மெல்பர்னின் லா டிரோப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிரலை உருவாக்கினார். இன்று பலரும் பயன்படுத்தும் ‘என்விவோ’ அதன் வழி வந்ததுதான்.

பாட்டியின் பதிலுக்கு ‘மறதி’ என்று குறியிட்டேன். அதைப் பார்த்த விரிவுரையாளர், எழுத்தை மட்டும் நம்பாமல் ஒலியை மீண்டும் கேட்கச் சொன்னார்.

இம்மென்பொருளில் ஒலி, காணொலி மீதே நேரடியாகக் குறியிடலாம். திரையில் ஒலியலை ஓடும். வேண்டிய விநாடிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்துப் படிவத்தை நேரத்தோடு இணைத்துவிட்டால், எந்த வரியிலிருந்தும் அதற்குரிய குரலுக்குப் போகலாம்.

அப்படிக் கேட்டபோது, என் கேள்விக்கும் பாட்டியின் பதிலுக்கும் நடுவே ஒலியலை தட்டையாகக் கிடந்தது. 14 விநாடி! நான் தட்டச்சு செய்ததில் அதற்கு இடமே இல்லை. காணொலியில் பாட்டி தம் வலது உள்ளங்கையைத் தேய்த்தபடி குனிந்திருந்தார். மறந்துபோனவர் போலத் தெரியவில்லை. ‘மறதி’யை நீக்கிவிட்டு ‘மௌனம்’ என்று குறியிட்டேன். மற்ற பதிவுகளையும் கேட்டேன். இன்னும் மூவர் அதே கேள்விக்குத் தயங்கியிருந்தனர். காரணம் என்னவென்று மென்பொருள் சொல்லாது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் பாட்டியிடம் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன்.

“அம்மா விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போயிடும். தம்பிய யாரு பாத்துக்குவா? அதச் சொன்னா எங்கம்மாவக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு இருந்தேன்.” சற்று நேரம் கழித்து, “எழுதிக்கோ. ஆனா, என் முகத்த எல்லாருக்கும் காட்டாத” என்றார்.

என் வகுப்புப் படைப்பில் காணொலியைச் சேர்க்கவில்லை. பெயரை மாற்றினால் எழுத்தில் ஒருவரை ஓரளவு மறைக்கலாம். குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, பதிவு செய்யவும் பிறருக்குக் காட்டவும் தனித்தனியே அனுமதி கேளுங்கள்.

இன்னொன்று: பெரிய காணொலிக் கோப்புகள் பெரும்பாலும் மென்பொருளுக்கு வெளியேதான் இருக்கும். நான் ஒரு கோப்பை வேறிடத்துக்கு மாற்றி, இணைப்பு அறுந்து, ஓர் இரவு முழுக்கத் தவித்தேன். நகல் எடுத்து வையுங்கள்.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள், நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் ஆய்வுக்கழகம் இலவசமாக வழங்கும் ‘ஈலான்’ மென்பொருளில் தொடங்கலாம். சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் குரல்களைச் சேமித்து வருகிறது. பால்மரக் காடுகள் செம்பனையாக மாறிவிட்ட நம் ஊர்களில், அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். கேள்வி கேட்டபின் அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள்; 14 விநாடி காத்திருங்கள்.