கேட்காமல் விற்ற பவுடர்

2024 ஜூலைக் குளிரில் மெல்பேர்னில் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் வளர்க்கும் நீலநாக்கு அரணை பத்து நாளாகத் தீன் தொடவில்லை. "மூத்தவாப்பா, செத்துப்போகுமா?" என்று அழுதான். வாங்கிய கடையில் சொன்னதும் விட்டமின் பவுடரை எடுத்து நீட்டினார்கள், காசும் கொடுத்தோம்.

மிருக வைத்தியரோ முதலில், "பெட்டிக்குள் எத்தனை பாகை?" என்றார். எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அளந்தால் 21. வெளிச்சம் தராத சூட்டுக் குமிழ் பழுதானதை யாரும் கவனிக்கவில்லை. குளிர்காயும் மூலையில் 35 பாகையாவது வேண்டுமாம். உடம்பு சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது, அதனால் தின்னாது. குமிழை மாற்றி நாலாம் நாள் கீரையும் அவித்த முட்டையும் தின்றது. (தோட்டத்து நத்தை மட்டும் கொடுக்க வேண்டாம் என்றார், நத்தைக்கு வைக்கும் நஞ்சு அரணையையும் கொல்லுமாம்.)

முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். வைத்தியர் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கடைக்காரர் கேட்டிருந்தால், குமிழை அவரிடமே வாங்கியிருப்போம். பவுடர் டப்பா இன்னும் உடைக்காமல் கிடக்கிறது.