வீட்டாரையும் உள்ளே கூப்பிடுங்கள்

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை நிரம்பி வழிந்தது. கவனிக்கப் போதிய ஆள் இல்லை. அதன் கண்காணிப்பாளர் வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்தார். நோய் என்ன, மருந்து எதற்கு, ஊர் திரும்பியபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களிடமும் பேசினார். பற்றாக்குறையில் பிறந்த அந்த ஏற்பாடு இந்தியக் குடும்ப சிகிச்சைக்கே முன்னோடியானது. வேலூர் பாகாயம் மனநல மையத்திலும் உள்நோயாளியோடு வீட்டார் தங்குவது நெடுங்கால வழக்கம்.

மனம் நொந்தவரைத் தனியாளாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். குழந்தை இல்லையே என்று சண்டையிட்டு வரும் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை அவர்கள் இருவருக்குள் மட்டுமா நடக்கிறது? நாத்தனாரின் வளைகாப்புக்குப் போகத் தயங்கும் மனைவி, "விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேட்கும் அத்தை, அம்மாவை எதிர்த்துப் பேச வாய் வராத கணவன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நம் ஊரை அறிந்த ஆலோசகர் இதைத்தான் முதலில் விசாரிப்பார். மாமியாரையும் ஒருநாள் அழைத்து உட்காரவைப்பார். மனநலம் வேண்டி குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கிவிட்டு வந்தவரிடம், கோயிலா மாத்திரையா என்று வழக்காடவும் மாட்டார். வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் தவறக்கூடாது என்பார்.

என்னை வாட்டுவது கைபேசிச் செயலி வழியாக வரும் ஆலோசனை. திரையில் ஒருவர், எதிரே முன்பின் தெரியாத இன்னொருவர். "உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அழைப்பை முடித்துவிடுவது எளிது. அதன்பின் ஆலோசனை கேட்ட பெண் திரும்பிப் போவது அதே சமையலறைக்கு, அதே மனிதர்களிடம். வீட்டில் ஒருவருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. மாத்திரையை நிறுத்தினாலும், தூக்கம் கெட்டாலும் கவனிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கமாட்டார். குடும்பங்கள் சுருங்கிவரும் காலத்தில், இருக்கும் இரண்டு பேரையும் சிகிச்சையிலிருந்து தள்ளி வைத்தால், நாளை நோய் முற்றும்போது யாரைத் தேடுவது?

காயப்படுத்துவதே வீட்டார்தான் என்றால் தனியறைதான் பாதுகாப்பு என்பார்கள் சிலர். அடி உதை உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். யாரை உடன் வைத்துக்கொள்வது என்பதும் நோயாளியின் விருப்பமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் சார்பில் நிற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே தருகிறது.

அவசரத்துக்கு 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் தொடர் சிகிச்சை என்று போனால், வீட்டில் யார் யார் என்று ஆலோசகர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: "அடுத்த தடவை அக்காவையும் கூட்டிட்டு வரேன்."