கொடும்பாளூரில் பிரியும் மூன்று வழிகள்

மதுரைக்கு வழி கேட்கிறான் கோவலன். கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் மாங்காட்டு மறையவன். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் அந்த ஊர் எங்கோ இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்குப் பக்கத்தில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு அதை யாராவது சொல்ல வேண்டும்.

சொல்வதற்குக் கருவிகள் இன்று கையருகே உள்ளன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு உண்டு. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொலி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. ஆனால் காணொலியே பொருளையும் சொல்லி முடித்துவிட்டால், பிள்ளைக்குப் பாட்டிடம் வேலை இல்லாமல் போகிறது. அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது இலக்கிய வகுப்பு ஆகாது.

ஆசிரியர் முதலில் சீர் பிரித்து வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு திரையில் வரைபடத்தைத் திறந்து, உறையூர், கொடும்பாளூர், சிறுமலை, அழகர்மலை, மதுரை என்று பிள்ளைகளையே புள்ளி வைக்கச் சொல்லட்டும். வலப்பக்க வழியில் போனால் சிறுமலை, இடப்பக்க வழியில் திருமால்குன்றம் எனும் அழகர்மலை என்று மறையவன் சொன்னது மண்ணோடு பொருந்துவதை அவர்களே காண்பார்கள். நடுவழியில் என்ன இருக்கிறது? மயக்கும் வனதெய்வம். அது பின்னர் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் கோவலன் முன் வந்து நிற்கிறது. எந்த வரைபடத்திலும் அதற்குப் புள்ளி கிடையாது. அதைத் தேட மறுபடி பாட்டுக்குத்தான் வர வேண்டும். பிள்ளையை அப்படித் திருப்பி அனுப்புகிற கருவியே எனக்கு நல்ல கருவி.

சில பாட்டுக்குத் திரையே வேண்டாம். இதே மாவட்டத்தின் ஒலியமங்கலம்தான் சங்ககால ஒல்லையூர் என்பது அறிஞர் கருத்து. அவ்வூர்க் கிழானின் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், இன்னுமா பூக்கிறாய் என்று முல்லையைக் கேட்கிறார் குடவாயிற் கீரத்தனார். புறநானூற்றின் 242ஆம் பாட்டு அது. பூக்கடையில் நான்கு முழம் முல்லை வாங்கி வகுப்பில் கைக்குக் கை சுற்ற விட்டு, அந்த மணம் இருக்கும்போதே பாட்டைப் படித்தால் போதும். தலையில் சூட ஆளில்லாத பூ எதைச் சொல்கிறது என்பதற்குக் கோனார் உரை தேவைப்படாது. பிள்ளைகள் படிப்பதைக் கைபேசியில் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவர்கள் காதே சொல்லிக் கொடுக்கும்.

கொடும்பாளூர் மூவர் கோயிலின் மூன்று கோயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் சிலப்பதிகாரம் இருக்கிறது. தமிழாசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கொடும்பாளூருக்கு அழைத்துப் போய், நின்று படிக்க வையுங்கள். தலைமையாசிரியர்களே, அந்த ஒரு நாளைத் தேர்வு அட்டவணையிலிருந்து விட்டுக்கொடுங்கள்.