தூண்டில் ரீலுக்கு எந்த நரம்பு?



சுயதொழில் உதவி கேட்டு வரும் மனுக்களில் இப்போது தூண்டில் ராடும் ரீலும் கேட்பவை கூடி வருகின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அங்கே விடுமுறை நாளில் கரையில் நின்று வீசிப் பழகியவர்கள். இங்கே அதையே ஒரு வருமானமாக்கலாம் என்று நினைக்கிறார்கள். பாரையும் கொடுவாவும் நல்ல விலைக்குப் போகும் கரையில் அது தவறான கணக்கும் அல்ல. ஆனால் மனுவோடு வரும் விலைப்பட்டியலில் எல்லோரும் பின்னல் நூலையே எழுதியிருக்கிறார்கள். "தங்கூஸ் எல்லாம் பழைய காலம்" என்று கடையில் சொன்னார்களாம்.

முதலில் வந்த இருவருக்கு நாங்களும் யோசிக்காமல் அதையே வாங்கிக் கொடுத்தோம். ஒருவர் பார் மீது வீசினார். பத்து நாளில் பாதி நூல் பாறையோடு போய்விட்டது. மற்றவர் சிக்கிய முள்ளை விடுவிக்கக் கைத்தூண்டில் பழக்கத்தில் நூலைக் கையில் சுற்றி இழுத்தார். ஆள்காட்டி விரலில் ஆறு தையல், மூன்று வாரம் வேலை இல்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். தவறில் எங்களுக்கும் பங்குண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

தங்கூஸ் என்று நாம் சொல்வது ஒரே இழையாக இழுக்கப்பட்ட நைலான் நரம்பு. அதன் முக்கியமான குணம் நீள்வது. அறுந்துபோகும் அளவுக்கு இழுத்தால் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நீளும். பெரிய பாரை திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும். முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. பாறையில் உரசினாலும் ஓரளவு தாங்கும். முடிச்சு எளிது. விலையும் குறைவு. இதன் குறைகள் வேறு. தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பலம் இழக்கும். வெயில் அதைக் கெடுக்கும். ரீலில் கிடந்த சுருளை மறக்காமல் சுருண்டு சுருண்டே வெளியே வரும். அடிக்கடி கடலுக்குப் போகிறவர் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

பின்னல் நூல் என்பது பாலிஎதிலீன் வகையைச் சேர்ந்த மிக வலுவான மெல்லிய இழைகளை நான்காகவோ எட்டாகவோ பின்னியது. 20 பவுண்டு தாங்கும் தங்கூஸ் ஏறக்குறைய 0.40 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதே 20 பவுண்டு பின்னல் நூல் 0.23 மில்லிமீட்டர்தான். தடிமன் பாதியானால் அதே ரீலில் ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம் சுற்றலாம். மெல்லியதாக இருப்பதால் தூரம் போகும், நீரோட்டம் அதை அதிகம் இழுக்காது. நீள்வதும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துதான். வள்ளத்திலிருந்து இருபது பாகம் ஆழத்தில் இரையை ஒரு சின்ன மீன் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். தண்ணீரை உறிஞ்சாது, நைலானைவிட வெயிலையும் தாங்கும். ஒருமுறை வாங்கினால் பல பருவம் வரும். முனைப்பக்கம் தேய்ந்தால் தலைகீழாகச் சுற்றி மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். அந்தக் கணக்கில் அதன் விலை கடையில் தோன்றும் அளவு அதிகமில்லை.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் நஷ்டப்பட்டார்கள்? இழுத்துப் பிடித்த பின்னல் நூல் கூரான பாறையையோ சிப்பியையோ தொட்டால் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு நொடியில் அறும். ஆகவே அதை முள்ளில் நேராகக் கட்டக்கூடாது. முனையில் இரண்டு பாகம் தடித்த தங்கூஸ் கட்டி, அதில்தான் முள்ளும் ஈயமும். இதைத்தான் லீடர் என்கிறார்கள். ஊளி, சீலா போன்ற பல்லுள்ள மீனுக்கு இரண்டு நரம்புமே நிற்காது, கம்பி லீடர் வேண்டும். பின்னல் நூல் வழுக்கும் என்பதால் சாதாரண முடிச்சு நழுவிவிடும். லீடரோடு இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும்; இறுக்கும் முன் நனைத்துக்கொள்ள வேண்டும். வெறும் ரீலில் நேராகச் சுற்றினால் நூல் முழுவதும் அப்படியே வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்று தங்கூஸ் சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றுங்கள். நீளாத நூல் என்பதால், மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் டிராக்கைத் தங்கூஸுக்கு வைப்பதைவிடத் தளர்வாக வைக்க வேண்டும்.

சிக்கினால் கையில் சுற்றவே கூடாது. ஒரு கட்டைத் துண்டில் நான்கு சுற்று சுற்றி, ராடை ஒதுக்கிவிட்டு நேராகப் பின்னால் நடங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் முடிவைச் சொல்கிறோம். புதிதாகத் தொடங்குபவர், கற்கரையில் நின்று வீசுபவர், ஒரே ரீல் வைத்திருப்பவர் தங்கூஸே வாங்கட்டும். கெட்டால் இழப்பு சிறிது, கையும் தப்பும். வள்ளத்தில் ஆழத்துக்கு விடுபவரும், திறந்த மணற்கரையில் தூரம் வீசத் தெரிந்தவரும் பின்னல் நூலுக்குப் போகலாம், லீடரோடு. கடையில் பவுண்டை மட்டும் பார்க்காமல் அட்டையில் மில்லிமீட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சில நூல்களில் பவுண்டு எண் கடைக்காரர் வாய்க்கு வந்தது போலத்தான் இருக்கிறது.

இரண்டுமே மட்காதவை. அறுத்த துண்டைக் கரையில் போட்டால் ஆமையின் கழுத்திலும் கடற்பறவையின் காலிலும் சுற்றிக்கொள்ளும்; கரையில் ஓடும் குழந்தைகளின் காலிலும்தான். ஒரு பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாண் அளவுக்கு நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

இனி ராடு, ரீல் உதவி பெறுபவர்களுக்கு அறக்கட்டளை தங்கூஸ் சுற்றிய ரீலையே கொடுக்கும். பின்னல் நூல் வேண்டுவோர் லீடர் கட்டத் தெரியும் என்று எங்கள் அலுவலகத்தில் கட்டிக் காட்ட வேண்டும். தெரியாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அனுபவமுள்ள வள்ளக்காரக் காக்கா ஒருவர் சொல்லித்தர இசைந்திருக்கிறார். ராடு கொண்டுவரத் தேவையில்லை, இரண்டு முழம் நரம்பு கொண்டுவந்தால் போதும்.