ஆய்வுக்கூடத்துக்கு வரும் விலங்குகள்: காத்திருப்பு நாட்களின் பயன்

ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு எலிகள் வந்து சேரும் நாளும், அவற்றின்மீது சோதனை தொடங்கும் நாளும் ஒன்றாக இருத்தல் கூடாது என்பது ஆய்வுலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட நியதியாகும். இடைப்பட்ட நாட்களில் விலங்குகள் தனி அறையில் வைக்கப்பட்டு, நோய் உண்டா எனக் கவனிக்கப்படுகின்றன. புதிய இடத்துக்கும், உணவுக்கும், பராமரிக்கும் ஆட்களுக்கும் அவை பழக்கப்படுத்தப்படுகின்றன. முன்னதைத் தொற்றொதுக்கம் என்றும் பின்னதைச் சூழலிணக்கம் என்றும் கூறலாம். கணக்குப் பார்க்கும் அலுவலருக்கு இவை வீண் நாட்களாகத் தோன்றுவது இயல்பே. விலங்குகள் தின்கின்றன, பணியாளர் ஊதியம் பெறுகின்றனர், குளிர்பதனச் சாதனம் ஓடுகிறது, ஆனால் ஆய்வுப் பதிவேட்டில் ஒரு முடிவும் ஏறுவதில்லை. இத்தோற்றம் எந்த அளவுக்குச் சரியானது என்பது ஆராயத் தக்கது.

நம் நாட்டில் இதற்குச் சட்ட அடிப்படை உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அமைக்கப்பட்ட குழு, விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வை செய்கிறது. நெடுங்காலம் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என அறியப்பட்ட அக்குழு இன்று சி.சி.எஸ்.இ.ஏ. என்ற பெயரில், மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு பெற வேண்டும். அறநெறிக் குழு ஒன்றையும் அமைத்துக்கொள்ள வேண்டும். எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்குகளுக்குக் குறைந்தது ஒரு வாரமும், நாய், பூனை, குரங்கு போன்ற பெரிய விலங்குகளுக்கு ஆறு வாரமும் தொற்றொதுக்கம் தேவை என்று குழுவின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

பயணத்தின் விளைவு

பெட்டியில் அடைபட்டு, இரயிலிலோ விமானத்திலோ பயணம் செய்து வரும் எலி, புறப்பட்டபோது இருந்த எலி அன்று. இரைச்சல், அதிர்ச்சி, வெப்ப மாறுதல், நீர்க்குறைவு ஆகியவற்றால் அதன் உடல் எடை குறைகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிகோஸ்டீரோன் மிகுதியாகச் சுரக்கிறது. இதயத் துடிப்பும், குருதியிலுள்ள வெள்ளணுக்களின் எண்ணிக்கையும், நோய் எதிர்க்கும் ஆற்றலும் மாறுபடுகின்றன. எலி இரவில் நடமாடும் விலங்காதலால், ஒளியும் இருளும் முறை மாறினால் அதன் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் குழம்புகின்றன. இம்மாற்றங்களுட் பல சில நாட்களில் தணிந்துவிடும்; சில ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். கினிப்பன்றியின் நிலை இன்னும் நுட்பமானது. பழகாத உணவையும், பழகாத நீர்ப்புட்டியையும் அது தீண்டாமலே இருந்துவிடக் கூடும். தன் உடலில் வைட்டமின் 'சி'யை ஆக்கிக்கொள்ள இயலாத விலங்கு அது என்பதால், சில நாள் பட்டினியும் அதற்குப் பெருங்கேடு.

பயணத்தின் கொடுமைக்குக் குரங்கு வணிகம் ஒரு சான்று. போலியோ தடுப்பு மருந்து உருவாகிவந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையில் வெளிநாடு சென்றன. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 400 குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன. அவ்வாண்டு இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. 1978இல் அதனை அறவே தடை செய்தது.

புள்ளியியல் நோக்கில் இதன் பொருளைக் காண்போம். ஒரு மருந்தின் விளைவைக் கண்டறியத் தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கை, அளவீடுகளின் திட்ட விலக்கத்தினது வர்க்கத்திற்கேற்பக் கூடும். அமைதியடைந்த எலிகளில் தொகுதிக்கு 8 போதுமென்று கொள்வோம். பயணக் களைப்பு நீங்காத எலிகளில், சில மிகவும் தளர்ந்தும் சில தேறியும் இருப்பதால், திட்ட விலக்கம் ஒன்றரை மடங்காகிறது எனில், அதே நுட்பத்தை எய்தத் தொகுதிக்கு 18 எலிகள் வேண்டியிருக்கும். ஒரு வாரத் தீவனத்தை மிச்சம் பிடிப்பதற்காக இரு மடங்குக்கு மேற்பட்ட விலங்குகளை வாங்கும் சிக்கனம் எத்தகையது என்பதை நிதிப் பிரிவினர் கணித்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைக் கூட்டாமல் 8 எலிகளோடே சோதனையை நடத்திவிடுவது அதனினும் கேடு. அப்போது உண்மையான விளைவு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அத்தனை உயிர்களும் பயனின்றி மடிகின்றன.

நோயின் ஆபத்து

வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள விலங்கு நோயைச் சுமந்து வரலாம். எலிகளின் சுவாச உறுப்புகளில் தங்கும் மைக்கோபிளாஸ்மா, சுண்டெலிகளின் ஈரல் அழற்சி வைரஸ், குடற்புழுக்கள் ஆகியவை ஒரு கூண்டின் வழியே நுழைந்து, ஆண்டுக்கணக்கில் பேணி வளர்த்த கூட்டம் முழுவதையும் பற்றிக்கொள்ள வல்லவை. மனிதருக்கும் ஆபத்து உண்டு. 1967இல் உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகள் வழியாக ஜெர்மனியின் மார்பர்க், பிராங்பர்ட் நகரங்களிலும், யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் புதியதொரு வைரஸ் பரவியது. நோயுற்ற 31 பேரில் 7 பேர் இறந்தனர். அக்குரங்குகளின் திசுக்களைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர்களே அவர்களுள் பெரும்பாலோர். இதற்கு மாறாக, 1989இல் அமெரிக்காவின் ரெஸ்டனில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குரங்குகளிடையே எபோலா இனத்தைச் சேர்ந்த வைரஸ் தோன்றியபோது, அது தொற்றொதுக்க விடுதியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வகை வைரஸ் மனிதருக்கு நோய் விளைவிக்கவில்லை என்பது நற்பேறு.

இனி நடைமுறைக்கு வருவோம். தொற்றொதுக்க அறை, விலங்குக் கூட்டங்கள் வாழும் அறைகளினின்றும் விலகியிருக்க வேண்டும். அதனுள் காற்றழுத்தம் நடைபாதையினும் குறைவாக வைக்கப்படுமாயின், அறைக் காற்று வெளியே கசியாது. அங்குப் பணி செய்வோருக்குத் தனி உடையும் காலணியும் தேவை. ஒரே ஆள் இரு பக்கமும் கவனிக்க வேண்டியிருந்தால், தூய கூட்டங்களை முதலில் பார்த்துவிட்டுப் புதிய விலங்குகளிடம் கடைசியில் செல்ல வேண்டுமேயன்றி, மாற்றிச் செல்லலாகாது. கூண்டுகளும் படுகைப்பொருளும் கிருமி நீக்கம் பெற்ற பின்னரே வெளிவரலாம்.

நாட்கணக்கில்தான் தவறு மிகுதியாக நேர்கிறது. ஓர் அறையில் திங்களன்று ஒரு தொகுதியும், வியாழனன்று மற்றொரு தொகுதியும் சேருமாயின், இரண்டுக்கும் கணக்கு வியாழனிலிருந்தே தொடங்கும். முதல் தொகுதி கழித்த மூன்று நாட்களும் பயனற்றவையாகும். ஆகவே அறை முழுதும் ஒரே நாளில் நிரப்பப்பட்டு, ஒரே நாளில் காலி செய்யப்படுவதே சிறந்தது. மேலும், ஒரு வாரம் என்பது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. தொற்று ஏற்பட்டபின் குருதியில் எதிர்ப்பொருள் புலப்படும் அளவுக்குச் சேர இரண்டு மூன்று வாரங்கள் ஆகக் கூடும். எனவே உடல்நலச் சான்றுடன் கூடிய நம்பகமான பண்ணையிலிருந்து வாராத விலங்குகளை ஒரு வாரத்தில் விடுவிப்பது துணிச்சலேயாகும். அத்தகைய நிலையில், புதியவற்றின் படுகைப்பொருளில் ஒரு பகுதியை நோயற்ற காவல் எலிகளின் கூண்டில் இட்டு, சில வாரம் கழித்து அக்காவல் எலிகளின் குருதியைச் சோதிக்கும் முறை கையாளப்படுகிறது. குரங்குகளுக்குக் காசநோய்ச் சோதனை இரு வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. ஆறு வாரம் மிகையன்று என்பது இதனால் விளங்கும்.

இவற்றையெல்லாம் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சார்ந்த மையம், தரமான ஆய்வு விலங்குகளை அளிப்பதோடு, பராமரிப்பாளருக்கும் தொழில்நுட்பருக்கும் பயிற்சி தருகிறது. ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரலாறு 1918இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவிலிருந்து தொடங்குவது. அவர் இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டவர். உணவின் விளைவை அளக்கும் ஆய்வில், நோயின் விளைவும் வந்து கலந்துவிடின் என்ன மிஞ்சும்?

நிதியும் நாட்காட்டியும்

தொற்றொதுக்கம் குலைவதற்கு அறியாமையைவிட நிதி நடைமுறையே பெரிதும் காரணமாகிறது எனலாம். மானியம் மார்ச் 31இல் காலாவதியாகும் என்னும் நெருக்கடியில் விலங்குகள் ஒருங்கே வாங்கப்படுமானால், அறை கொள்ளாத கூட்டம் கோடைத் தொடக்கத்தில் வந்து இறங்கும். ஒரு வாரம் மூன்று நாளாகச் சுருங்குவது அப்போதுதான். திட்ட முன்மொழிவில் விலங்கின் விலை குறிக்கப்படுகிறது. காத்திருப்பு நாட்களுக்கான தீவனமும், அறையும், ஆளும் பெரும்பாலும் 'இதர செலவு' என்னும் தலைப்பில் மறைந்துபோகின்றன. அவற்றுக்குத் தனித் தலைப்பு இருத்தல் நலம்.

வெளிவாணிக நோக்கிலும் இதற்குச் சிறப்பு உண்டு. 2011 முதல் இந்தியா, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் தரவு ஏற்பு ஏற்பாட்டில் முழு உரிமையுடன் பங்கு கொண்டுள்ளது. இங்குள்ள சான்று பெற்ற ஆய்வுக்கூடம் தரும் பாதுகாப்புச் சோதனை முடிவை ஏனைய உறுப்பு நாடுகள் மறு சோதனையின்றி ஏற்கின்றன. அவ்வமைப்பின் நச்சியல் நெறிகள் பல, எலிகளுக்குக் குறைந்தது ஐந்து நாள் சூழலிணக்கத்தை வற்புறுத்துகின்றன. விலங்குகள் வந்த இடம், வந்த நாள், வந்தபோது இருந்த நிலை ஆகியவை பதிவாக வேண்டும். ஒரு தொகுதியில் வழக்கத்துக்கு மாறான நோயோ இறப்போ காணப்பட்டால், அத்தொகுதி முழுவதும் ஆய்வுக்கு உதவாது.

அவ்வாறு தள்ளப்படும் தொகுதியின் விலையை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. விலங்குகளை இறக்கிய அன்றே முழுத் தொகையும் தீர்க்கப்பட்டுவிட்டால், இழப்பு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழும். நோயுற்ற தொகுதியைத் தள்ளுவதற்கும் மனம் வராது. கொள்முதல் ஆணையிலேயே, தொகையின் ஒரு பகுதி தொற்றொதுக்கம் முடிந்து கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட பின்னரே வழங்கப்படும் என்று நிபந்தனை சேர்ப்பது, இவ்விரு தொல்லைகளையும் ஒருங்கே குறைக்கும்.