வரிசையில் நின்றால் ஆட்டம் வருமா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹாக்கி பழகும் சிறுவர்களுக்குப் பனித்தளத்தில் கிடைக்கும் நேரம் குறைவு. தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும்; செலவு பெற்றோர் தலையில். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை உண்மையிலேயே எத்தனை நிமிடம் சறுக்குகிறது?

பழைய முறைப்படி 15 பிள்ளைகள் ஒரு மூலையில் வரிசை பிடிப்பார்கள். விசில் ஊதியதும் ஒருவன் புறப்பட்டு, கோலை நோக்கி அடித்துவிட்டு வரிசையின் வாலில் போய் நிற்பான். மற்ற 14 பேரும் குளிரில் காத்திருப்பார்கள். பார்க்க ஒழுங்குதான்; கற்பதுதான் சொற்பம்.

இதை மாற்றவே அமெரிக்க ஹாக்கிச் சங்கம் 2009இல் புதிய பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. தளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒன்றில் சறுக்குக் காலணிக் கத்தியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டிலும் திரும்பப் பழகுவார்கள். இன்னொன்றில் வட்டைக் கடத்துவார்கள். வேறொன்றில் இருவருக்கு இருவர் என்று குட்டி ஆட்டம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள்.

குட்டி ஆட்டம்தான் இதில் முக்கியம். கூம்பைச் சுற்றி ஓடுவது கைக்கும் காலுக்கும் பயிற்சி. ஆனால் கூம்பு வட்டைப் பறிக்க வராது. எதிரே ஓர் ஆள் வந்தால்தான் தலையை நிமிர்த்திப் பார்க்கவும், எப்போது கடத்துவது என்று முடிவெடுக்கவும் பிள்ளை பழகும். அதற்காகக் கூம்பை ஒதுக்க வேண்டியதில்லை. வெய்ன் கிரெட்ஸ்கிக்கு அவர் தந்தை வீட்டுப் பின்புறத்திலேயே பனித்தளம் அமைத்து, தகர டின்களைச் சுற்றிச் சறுக்க வைத்தார். அங்கே வரிசை இல்லை என்பதுதான் விசேஷம்.

8 வயதுக்கு உட்பட்டோர் 200 அடி நீளத் தளத்தில், அதன் 85 அடி அகலவாக்கில் விளையாடுகிறார்கள். கனடாவிலும் 2017இல் 5, 6 வயதினருக்கு இது போன்ற சிறு தள ஆட்டம் கட்டாயமானது. “இதெல்லாம் ஒரு ஹாக்கியா?” என்று முகம் சுளித்த பெற்றோர் உண்டு. முழுத் தளத்தில் வேகமான ஒரே பிள்ளை வட்டோடு பறக்க, மற்றவர்கள் பின்னால் துரத்துவதைப் பார்த்தால் காரணம் புரியும். வட்டும் இலேசானது: வழக்கமான 170 கிராமுக்குப் பதில் சுமார் 113 கிராம் நீல வட்டு. கனமான வட்டைச் சின்ன மணிக்கட்டு தூக்காது. உடம்பை முறுக்கித் தள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது கடினம்.

இரண்டு மூன்று குழுக்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்வதால் வாடகையும் பங்காகிறது.